பத்தியத்தில் இருப்பவருக்குச் சோயா இல்லாத சாஸ்

பத்தியத்தின் முதல் வாரத்தை யாரும் சமாளித்துவிடுவார்கள். வேகவைத்த காய், வெறும் கறி, உப்பு, கொஞ்சம் எண்ணெய் என்று தட்டு எப்படியோ நிறைந்துவிடும். இரண்டாவது வாரத்தில்தான் நாக்கு செத்துப்போகும். பத்தியம் முறிவதும் பெரும்பாலும் அப்போதுதான். பசியைவிடச் சப்பென்ற சாப்பாடுதான் ஆளை ஓய்த்துவிடுகிறது. ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நல்ல சாஸ் இருந்தால் அதே காயும் அதே கறியும் நாளுக்கு ஒரு ருசியில் இறங்கும். கடைச் சாஸ்களில் சோயா ஏதாவது ஒரு பெயரில் ஒளிந்திருக்கும் என்பதால், வீட்டிலேயே செய்துகொள்வதுதான் பத்திரம். ஒரு விடுமுறை நாளின் அரை நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்துக்குப் போதும்.

எந்தப் பத்தியம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சோயாவை விலக்கும் பத்தியங்கள் பல. மற்ற விஷயங்களில் அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றுக்கு நல்லதான சாஸ் இன்னொன்றில் பத்தியத்தைக் கெடுக்கும்.

உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்களுக்கான ஆட்டோஇம்யூன் ப்ரோட்டோகால் எனப்படும் ஏஐபி முறையில் சோயாவோடு எல்லாப் பருப்பு வகைகளும், தானியம், பால், முட்டை, கொட்டைகள், விதைகளும் போகும். விதை என்றால் கடுகு, சீரகம், கொத்தமல்லி விதை எல்லாம் சேர்த்துத்தான். தக்காளி, மிளகாய், குடைமிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு என்ற ஒரே குடும்பமும் கிடையாது. ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட் எனப்படும் எஸ்சிடி முறையில் மாவுச்சத்துக்கு இடமில்லை, ஆகவே சாஸைக் கெட்டியாக்க ஆரோரூட் மாவும் கூடாது. தேன் சேர்க்கலாம். குடலில் புளித்து வயிற்றைத் தொந்தரவு செய்யும் சில சர்க்கரை வகைகளைக் குறைக்கும் லோ ஃபாட்மேப் முறை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது, அதில் வெங்காயம், பூண்டு, தேன், பேரீச்சம்பழம் ஆகியவைதான் சிக்கல். சோயா சாஸ் இதில் சிறிய அளவில் அனுமதிக்கப்பட்டதே. சோயா உங்களுக்குத் தனியாக ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் அதை விலக்கினால் போதும். புளித்த, நெடுநேரம் வைத்த உணவில் கூடும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் குறைக்கும் பத்தியத்தில் இருப்பவர்களுக்கு வினிகர், ஃபிஷ் சாஸ், நெடுநேரம் கொதித்த எலும்பு சூப் மூன்றும் ஆகாது. கீழே வரும் பழுப்புச் சாறு அவர்களுக்கானது அல்ல. அவர்கள் காலிஃபிளவர் வெள்ளைச் சாஸுக்கும் பச்சைச் சாஸுக்கும் நேராகப் போய், அங்கே சொல்லியிருக்கும் மாற்றங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

சோயா அலர்ஜி உள்ளவர்களின் நிலை வேறு. ஒரு சிட்டிகை பட்டாலே மூச்சுத் திணறுபவர் வீட்டில் இருந்தால், பொருளை மாற்றினால் மட்டும் போதாது. மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில், ரப்பர் வளையத்துக்குள், மரக்கரண்டியின் வெடிப்பில் பழைய சாஸ் தங்கியிருக்கும். அவருக்கென்று தனி ஜாரும் தனிக் கரண்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருந்தாலோ, குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ பத்தியம் என்றாலோ உப்பு, இனிப்பு அளவுகளை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டிவிடுங்கள். இத்தனை பொருளை விலக்கும் பத்தியத்தை மாதக்கணக்கில் தன்னிச்சையாக நீட்டுவது நல்லதல்ல.

லேபிளில் சோயா எந்தப் பெயர்களில் வரும்

தாமரி, மிசோ, டெம்பே, எடமாமே, நாட்டோ, ஒகாரா எல்லாமே சோயாதான். தாமரியில் கோதுமை இல்லை அல்லது மிகக் குறைவு என்பதால் அதைச் சோயா இல்லாதது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 'ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்', 'டெக்ஸ்சர்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் சோயா. லெசித்தின், அதாவது இ322, சூரியகாந்தியில் இருந்தும் வரும், சோயாவில் இருந்தும் வரும். எதிலிருந்து என்று போடாவிட்டால் எடுக்காதீர்கள். 'வெஜிடபிள் ஆயில்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருப்பதும் அப்படியே. கடை மயோனைஸில் பாதிக்கு மேல் எண்ணெய்தான், அது பல பிராண்டுகளில் சோயா எண்ணெய்.

எதிர்பாராத இடங்களும் உண்டு: சூப் கட்டிகள், ஆய்ஸ்டர் சாஸ், ஹாய்சின் சாஸ், சில வூஸ்டர்ஷயர் சாஸ்கள், டின்னில் அடைத்த டூனா மீன். ஃபிஷ் சாஸில் மீனும் உப்பும் மட்டும் இருக்க வேண்டும். மூன்றாவது பொருள் இருந்தால் அது என்ன என்று படியுங்கள். நன்கு சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் மிகக் குறைவு என்பதால் அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டு அலர்ஜி லேபிள் சட்டம் அதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஆகவே 'சோயா உள்ளது' என்ற எச்சரிக்கை இல்லாததை மட்டும் நம்பாமல், பொருள் பட்டியலை முழுக்கப் படிக்க வேண்டும்.

பழுப்புச் சாறு: எல்லாவற்றுக்கும் தாய்

சோயா சாஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உப்பைப் போட்டால் ஏன் ருசி வருவதில்லை? சோயா சாஸ் ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்கிறது. உப்பு கொடுக்கிறது, நிறம் கொடுக்கிறது, மெல்லிய புளிப்பும் இனிப்பும் கொடுக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக உமாமி என்ற, நாக்கில் நிற்கும் ஆழ்ந்த ருசியைக் கொடுக்கிறது. சோயாவிலும் கோதுமையிலும் உள்ள புரதம் புளிக்கும்போது உடைந்து குளுட்டமேட்டாக மாறுவதால் வரும் ருசி அது. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கொம்பு என்ற கடற்பாசியில் இருந்து குளுட்டமேட்டைப் பிரித்துத்தான் அந்த ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார். உலர்ந்த ஷிட்டாக்கே காளானில் குவானிலேட் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. அது குளுட்டமேட்டோடு சேரும்போது ருசி கூடுவதில்லை, பெருகுகிறது. இந்தச் சாற்றில் காளானையும் ஃபிஷ் சாஸையும் ஒன்றாகச் சேர்ப்பதற்குக் காரணம் அதுதான். இரண்டில் ஒன்றை விட்டால் பாதிக்கும் கீழாக இறங்கிவிடும்.

சுமார் 250 மி.லி. சாறுக்கு வேண்டியவை: உலர்ந்த ஷிட்டாக்கே 20 கிராம், குளிர்ந்த தண்ணீர் 400 மி.லி., உப்பு போடாத எலும்பு சூப் 300 மி.லி., நடுத்தர வெங்காயம் 1, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 30 கிராம், இஞ்சி 5 கிராம், பூண்டு 1 பல், உப்பு 15 கிராம், ஃபிஷ் சாஸ் 15 மி.லி., ஆப்பிள் சைடர் வினிகர் 20 மி.லி. உப்பைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பொடி உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம் வரும், கல்லுப்பு அதைவிடக் குறையும். கரண்டிக் கணக்கில் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு ருசி.

முதல் நாள் இரவே காளானைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 8 முதல் 12 மணி நேரம். வெந்நீரில் போட்டால் அரைமணியில் ஊறிவிடும், ஆனால் ருசி அவ்வளவாக இறங்காது, லேசான கசப்பும் வரும். மறுநாள் காளானைப் பிழிந்து எடுத்துவிட்டு, தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடியில் மண் தங்கியிருக்கும், கடைசி ஒரு கரண்டித் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது.

அந்தத் தண்ணீரையும் காளானையும் மட்டும் மிகச் சிறிய தீயில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். குவானிலேட் உருவாக்கும் நொதி 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். அந்தக் கட்டத்தைத் தாண்ட 10 அல்லது 15 நிமிடம் ஆகும்படி தீயை வைத்துக்கொள்ளுங்கள். ஆவி எழும்பத் தொடங்கி, குமிழ் இன்னும் வராத நிலை அது. எடுத்த எடுப்பில் கொதிக்கவிட்டால் இரவெல்லாம் ஊறவைத்ததின் பலன் பாதி போய்விடும்.

இது சூடாகும் நேரத்தில் வெங்காயத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, எண்ணெய் இல்லாத இரும்புக் கல்லில் வெட்டுமுகம் கீழே இருக்கும்படி வையுங்கள். 8 முதல் 10 நிமிடத்தில் அந்த முகம் கரும்பழுப்பாகும். சாஸுக்கு நிறம் தருவது இதுதான். தொட்டால் சாம்பலாக உதிரும் அளவுக்குப் போய்விட்டால் அந்த அடுக்கைச் சீவி எறிந்துவிடுங்கள். அதைச் சேர்த்தால் சாறு முழுக்கக் கசக்கும், அதற்குப் பிறகு வைத்தியம் கிடையாது.

காளான் தண்ணீரில் எலும்பு சூப், கருகவைத்த வெங்காயம், பேரீச்சம்பழம், நசுக்கிய இஞ்சி, பூண்டு எல்லாம் போட்டு 20 நிமிடம் தளதளக்க விடுங்கள். பேரீச்சம்பழத்தைக் கரண்டியால் மசித்துவிட்டு, துணியில் வடிகட்டி நன்றாகப் பிழியுங்கள். காளானைத் தூக்கி எறிய வேண்டாம், நறுக்கி வதக்கிச் சாப்பிடலாம். ஒன்று மட்டும் கவனம்: சரியாக வேகாத ஷிட்டாக்கே சிலருக்கு உடம்பெல்லாம் சாட்டையடித் தழும்பு மாதிரி அரிப்போடு தடிக்க வைக்கும். நன்றாக வெந்தால் அந்தப் பயம் இல்லை.

இனி சுண்ட வைப்பது. கண்ணளவு ஏமாற்றும் இடம் இது. அகலமான பாத்திரத்தில் முதலில் 220 மி.லி. தண்ணீரை ஊற்றி, ஒரு மரக்குச்சியை நேராக நிறுத்தி, நனைந்த உயரத்தில் கத்தியால் ஒரு கீறு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு வடிகட்டிய சாற்றை ஊற்றி நடுத்தரத் தீயில் வையுங்கள். குச்சியில் அந்தக் கீறு வரும்வரை வற்ற வேண்டும், 35 முதல் 45 நிமிடம் ஆகும். தொடக்கத்தில் குமிழ்கள் சிறிதாக வந்து உடனே உடையும். முடிவு நெருங்கும்போது அவை பெரிதாகி, மேலே பளபளப்போடு ஒரு கணம் நின்று உடையும். அதைப் பார்த்ததும் தீயைக் குறைத்து, பக்கத்தை விட்டு நகராதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தில் பழுப்பு வளையம் காய்ந்து ஒட்டும். நனைத்த பிரஷால் அதை அவ்வப்போது கீழே தள்ளிவிடுங்கள், கசப்பு முதலில் அங்கிருந்துதான் கிளம்பும்.

அடுப்பை அணைத்த பிறகே உப்பு, ஃபிஷ் சாஸ், வினிகர் மூன்றும். உப்பை முதலிலேயே போட்டால், வற்ற வற்ற எவ்வளவு கரிக்கும் என்று கணிக்க முடியாது. உப்பு போட்ட கடை சூப்பை வைத்து இதைச் செய்யவே கூடாது என்பதும் இதனால்தான். வினிகர் கொதித்தால் அதன் புளிப்பு ஆவியில் போய்விடும். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஒரு இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். அன்றே ருசி பார்த்து ஏமாந்துபோக வேண்டாம். வினிகரின் குத்தல் அடங்க ஒரு நாள் பிடிக்கும்.

இதில் உப்பு ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம். சோயா சாஸில் 14 முதல் 18 சதவீதம் இருக்கும். ஆகவே சோயா சாஸ் ஒரு கரண்டி சொல்லும் சமையலில் இதையும் ஒரு கரண்டி ஊற்றி, தேவைப்பட்டால் ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்தச் சிட்டிகையையும் விட்டுவிடலாம்.

சாறு சப்பென்று இருந்தால் உடனே உப்பைத் தேடாதீர்கள். முதலில் நான்கைந்து சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறைவது புளிப்பாகத்தான் இருக்கும். ஃபிரிட்ஜில் ஜெல்லி மாதிரி உறைந்திருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், எலும்பில் இருந்து இறங்கிய ஜெலட்டின் அது, லேசாகச் சூடாக்கினால் இளகிவிடும். மேலே எண்ணெய்ப் படலம் நின்று நாக்கில் பிசுபிசுத்தால், சூப்பின் கொழுப்பை எடுக்கவில்லை என்று அர்த்தம். சூப்பை முதல் நாளே காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்து, உறைந்த கொழுப்பை முழுத் தட்டாகப் பெயர்த்து எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சைவத்துக்கு எலும்பு சூப்பையும் ஃபிஷ் சாஸையும் விட்டு, காளானை 35 கிராமாகவும் தண்ணீரை 700 மி.லி. ஆகவும் கூட்டி, காளானோடு சேர்த்து 5 கிராம் கொம்பு ஊறவையுங்கள். கொம்பைக் கொதி வருவதற்கு முன் எடுத்துவிட வேண்டும், கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். உப்பை 18 கிராமாக்குங்கள். கொம்பில் அயோடின் மிக அதிகம். தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம், அவர்கள் கருகவைத்த வெங்காயம் இரண்டும், வதக்கிச் சிவந்த கேரட் ஒன்றும் போட்டுக்கொள்ளலாம்.

லோ ஃபாட்மேப்காரர்களுக்கு ஷிட்டாக்கேயே ஒத்துவராது. அதிலுள்ள மேனிட்டால் என்ற சர்க்கரை வகை தண்ணீரில் கரைந்து ஊறல் நீருக்கு வந்துவிடும். சிப்பிக் காளானைச் சிவக்க வறுத்துப் போட்டு, வெங்காயம், பூண்டு, பேரீச்சை மூன்றையும் விட்டுவிடுங்கள். எலும்பு சூப்பையும் வெங்காயம், பூண்டு இல்லாமலே காய்ச்ச வேண்டும். பூண்டு வாசனை வேண்டுமென்றால் பூண்டுப் பல்லை எண்ணெயில் பொரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயை மட்டும் சேர்க்கலாம். பூண்டில் இருந்து வயிற்றைத் தொந்தரவு செய்யும் ஃபிரக்டான் என்ற சர்க்கரை வகை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது.

தாய்ச் சாறில் இருந்து பிறப்பவை

தொட்டுக்கொள்ள: சாறு 2 மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி, துருவிய இஞ்சி அரைத் தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். அவ்வளவுதான்.

கறியிலும் மீனிலும் பளபளவென்று பூசிக்கொள்ள: சாறு 100 மி.லி., தேன் 15 மி.லி., இஞ்சிச் சாறு 1 தேக்கரண்டி மூன்றையும் சூடாக்குங்கள். ஆரோரூட் மாவு 4 கிராமை 15 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதி வரப்போகும்போது ஊற்றிக் கிளறி, கண்ணாடி மாதிரித் தெளிந்ததும் இறக்கிவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. மாவை நேராகச் சூட்டில் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து, உள்ளே காய்ந்த மாவோடு உருண்டை உருண்டையாக நிற்கும். நெடுநேரம் கொதித்தாலும், வேகமாகக் கிளறினாலும், மறுபடி சூடாக்கினாலும் ஆரோரூட் நீர்த்துப்போகும். ஆகவே சாறை மட்டும் சேமித்து, அவ்வப்போது வேண்டியதை மட்டும் கெட்டியாக்குங்கள். எஸ்சிடியில் இருப்பவர்கள் மாவை விட்டு, சாற்றைத் தேனோடு பாதியாக வற்றவைத்தால் ஜெலட்டினே கெட்டித்தன்மை தரும். அப்படி வற்றும்போது உப்பும் இரட்டிப்பாகும் என்பதால், உப்பு சேர்ப்பதற்கு முந்தைய சாற்றில் கொஞ்சம் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

தக்காளி இல்லாத சிவப்புச் சாஸ்

கெட்சப்புக்கு ஏங்குபவர்களுக்கு இது. கேரட் 240 கிராம், பீட்ரூட் 60 கிராம், வெங்காயம் 100 கிராம், பூண்டு 2 பல், ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, பேரீச்சம்பழம் 2, தண்ணீர் 250 மி.லி., ஆப்பிள் சைடர் வினிகர் 30 மி.லி., எலுமிச்சைச் சாறு 10 மி.லி., உப்பு 6 கிராம்.

கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தை மீறாதீர்கள். பீட்ரூட் கூடினால் நிறம் கத்தரிப்பூப் பக்கம் போவதோடு, மண்வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அந்த வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். புளிப்பு பட்டால் அது உடைந்து மணமற்றதாகிவிடும். இந்தச் சாஸில் வினிகரும் எலுமிச்சையும் ருசிக்கு மட்டும் இல்லை, அந்த மண்வாசனையைப் போக்கவும்தான். குறைக்க வேண்டாம்.

பீட்ரூட்டைத் தோலோடு முழுசாகத் தனியே வேகவைத்துப் பிறகு உரியுங்கள். வெட்டி வேகவைத்தால் நிறம் தண்ணீரோடு போய்விடும். வெங்காயத்தை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பூண்டு, கேரட், பேரீச்சை, தண்ணீர் சேர்த்து மூடி, கேரட் விரலால் நசுங்கும்வரை வேகவிடுங்கள். பீட்ரூட்டோடும் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து வெண்ணெய் போல அரைத்து, மறுபடி சின்னத் தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே வற்றவிடுங்கள்.

எப்போது போதும் என்று தெரிய, ஒரு கரண்டிச் சாஸைத் தட்டில் வைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். சுற்றிலும் தண்ணீர் வளையம் கசிந்தால் இன்னும் வற்ற வேண்டும். வளையம் இல்லாமல் குவியலாக நின்றால் இறக்கலாம். அதற்கு மேலும் காய்ச்சினால் பீட்ரூட் நிறம் வெளிறிப் பழுப்பாகும்.

இதைச் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீரும் மலமும் சிவப்பாகப் போகும். ரத்தமோ என்று பதறிவிட வேண்டாம், பீட்ரூட் நிறம்தான். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் அப்படிப் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குப் பீட்ரூட்டில் உள்ள ஆக்ஸலேட் ஆகாது. அவர்கள் அதன் இடத்தில் பரங்கிக்காயைப் போட்டால் ஆரஞ்சு நிறத்தில் வரும், ருசியில் குறையிருக்காது.

மயோனைஸும் அதற்கு மாற்றும்

முட்டை அனுமதி உண்டென்றால், பாஸ்டரைஸ் செய்த முட்டையின் மஞ்சள் கரு 1, எலுமிச்சைச் சாறு 15 மி.லி., உப்பு 2 கிராம், அவகாடோ எண்ணெய் அல்லது சுத்திகரித்த ஆலிவ் எண்ணெய் 200 மி.லி. எல்லாம் அறைச் சூட்டில் இருக்க வேண்டும். கரு, சாறு, உப்பு மூன்றையும் முதலில் அடித்து, எண்ணெயைத் தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாகவும், வெளுத்துக் கெட்டிப்பட்டதும் நூல் போலவும் ஊற்றுங்கள். திரிந்துபோவது பெரும்பாலும் முதல் 50 மி.லி. எண்ணெயை அவசரமாக ஊற்றுவதால். திரிந்தால் வேறு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி வெந்நீரை எடுத்து, திரிந்ததைச் சிறிது சிறிதாக அதில் விட்டு அடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இன்னொரு மஞ்சள் கருவில் தொடங்குங்கள்.

எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் அடித்தால் கசக்கும். எண்ணெயில் அடங்கியிருந்த பாலிஃபினால்கள் வேகமான பிளேடில் வெளியே வந்து நாக்கில் படுவதே காரணம். அந்த மணம் வேண்டுமென்றால் கடைசி 50 மி.லி.க்கு மட்டும் அதைக் கையால் கலக்குங்கள்.

நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்குப் பச்சைக் கரு வேண்டாம். கருவோடு எலுமிச்சைச் சாறும் 30 மி.லி. தண்ணீரும் சேர்த்து, கொதிக்கும் தண்ணீருக்கு மேல் வைத்த கிண்ணத்தில் விடாமல் கிளறி, வெப்பமானியில் 71 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி ஆறவைத்து, பிறகு எண்ணெய் சேருங்கள்.

முட்டையே கூடாதென்றால் காலிஃபிளவர் வெள்ளைச் சாஸ். பூக்கள் 300 கிராமையும் பூண்டு 2 பல்லையும் ஆவியில் 15 நிமிடம் வேகவைத்து, எலும்பு சூப் 150 மி.லி., தேங்காய்ப் பால் 60 மி.லி., ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு 3 கிராம் சேர்த்து அரையுங்கள். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும் அளவுக்கு வெந்திருக்க வேண்டும். அரைகுறையாக வெந்ததை எவ்வளவு அரைத்தாலும் மணல்போல நிற்கும். சூடாக அரைக்கும்போது ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஆவி மூடியைத் தூக்கியெறிந்து கையைச் சுட்டுவிடும். மூடியைச் சற்றே திறந்து துணி போட்டுப் பிடித்துக்கொண்டு ஓடவிடுங்கள். ஹிஸ்டமின் பத்தியத்தினர் சூப்புக்குப் பதில் காலிஃபிளவர் வெந்த தண்ணீரையே ஊற்றலாம். லோ ஃபாட்மேப்காரர்களுக்கு இந்தச் சாஸ் ஆகாது.

பச்சைச் சாஸுக்குக் கொத்தமல்லித் தழையும் புதினாவும் 100 கிராமைக் கொதிநீரில் 15 வினாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து, ஆலிவ் எண்ணெய் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி., உப்பு 2 கிராமோடு அரையுங்கள். முக்கி எடுக்காவிட்டால் மறுநாளே கறுத்துவிடும். ஹிஸ்டமின் காரணமாக எலுமிச்சையும் வேண்டாதவர்கள் அதை விட்டுவிட்டு உப்பை ஒரு சிட்டிகை கூட்டிக்கொள்ளட்டும்.

வைத்துக்கொள்வது

இவற்றில் எதையும் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்காதீர்கள். வினிகரும் உப்பும் இருக்கிறதே என்று தைரியப்பட வேண்டாம். போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமியை அடக்கப் புளிப்பின் அளவு பிஎச் 4.6க்கு அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், வீட்டுச் சாஸில் அதை ருசி பார்த்துச் சொல்ல முடியாது. சமைத்த சாஸ் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் சூடு நெடுநேரம் நிற்கும், அகலமான தட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். 4 டிகிரி செல்சியஸில் பழுப்புச் சாறும் சிவப்புச் சாஸும் ஒரு வாரம், வெள்ளைச் சாஸும் மயோனைஸும் பச்சைச் சாஸும் மூன்று நாலு நாள். பூண்டு எண்ணெயை எக்காரணம் கொண்டும் வெளியே வைக்கக்கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் இருக்கும் பூண்டு அந்தக் கிருமிக்கு ஏற்ற இடம். ஃபிரிட்ஜில் நான்கு நாள், அதற்கு மேல் என்றால் உறைய வைத்துவிடுங்கள்.

ஐஸ் தட்டில் ஒரு குழிக்கு 15 மி.லி. வீதம் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டால் மூன்று மாதம் ருசி மாறாமல் இருக்கும். உப்பு அதிகமுள்ள பழுப்புச் சாறு கல்லாக இறுகாது, சற்று மெத்தென்றுதான் நிற்கும், அது சரியே. மயோனைஸை உறைய வைத்தால் பிரிந்துவிடும்.

பையின் மேல் தேதியோடு உள்ளே போட்ட ஒவ்வொரு பொருளையும் எழுதுங்கள். பத்தியம் தளர்ந்து, விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கும் கட்டத்தில் இந்தச் சீட்டின் அருமை தெரியும். ஒரு சாஸில் ஒரே ஒரு புதுப் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள், உதாரணத்துக்குச் சிவப்புச் சாஸில் கேரட்டில் கால்பங்குக்குப் பதில் தக்காளி. அதைச் சாப்பிட்டுவிட்டு நான்கைந்து நாள் வேறு எதையும் மாற்றாமல் இருங்கள். ஒரே நாளில் தக்காளியும் கடுகும் சேர்த்து, மறுநாள் மூட்டு வலித்தால் எதைக் குறை சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் மறுபடி விலக்க வேண்டிவரும்.